நோரிஸுக்கு எங்கள் பாஷை தெரியாது

பத்தொன்பது வருடம் எங்கள் ஊரில் குடியிருந்த நோரிஸுக்கு எங்கள் பாஷையில் நான்கே நான்கு வார்த்தைகள்தான் தெரியும் என்று லேம் சாய் ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. வணக்கம், நன்றி, காரம் வேண்டாம், பரவாயில்லை. அந்த நான்கையும் ஒவ்வொரு தடவையும் ராகம் தப்பாகத்தான் சொல்வார். அவர் "காரம் வேண்டாம்" என்று சொன்னால் சந்தையில் பப்பாளிக்காய்க் கலவை இடிக்கிற பெண்கள் உலக்கையை வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார்.

நான் லமாய். கடற்கரையில் சவுக்கு மரத்தடியில் பாய் விரித்து உடம்பு பிடித்துவிடும் ஐந்து பெண்களில் ஒருத்தி. நகராட்சி கொடுத்த பச்சைச் சட்டையில் என் எண் ஏழு. ரயில் பாதைக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் என் வீடு. நேரெதிரே நீலக் கூரை போட்டது நோரிஸ் வீடு. எங்கள் வாயில் அவர் பெயர் "நோலிட்" ஆகிவிட்டது. அதையும் முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். அவர் திருத்தாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

இங்கிலாந்தில் ஹல் என்ற துறைமுக ஊரில், அச்சகம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தும் வேலை பார்த்தவர். முதல் மனைவி அவரை விட்டுப் போய்விட்டாள். ஹிலரி என்று ஒரு மகள். ஐம்பத்தாறு வயதில் இரண்டு வாரம் ஊர் சுற்ற வந்தவர், விடுதியில் அறை கூட்டிக்கொண்டிருந்த வான்பென்னைப் பார்த்தார். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு. மறு வருடம் கல்யாணம்.

அவர் நாள் ஒரே மாதிரிதான் போகும். விடிந்ததும் கடலில் சரியாக இருபது நிமிடம் நீச்சல். உடம்பில் உப்புப் பூத்தபடியே சைக்கிளில் சந்தைக்குப் போய் மாம்பழம், அன்னாசி. எட்டு மணிக்குக் கடலோரக் காப்பிக்கடையில் வெள்ளைக்காரர்களின் மேசை. அங்கே ஸ்வீடன்காரர் லென்னார்ட் தலைமையில் ஆறேழு கிழவர்கள் உட்கார்ந்து முழங்கால் வலியையும் ரொட்டி நன்றாயில்லாததையும் பேசுவார்கள். தொண்ணூறு நாளைக்கு ஒரு தடவை குடியேற்ற அலுவலகத்தில் போய், இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று பதிய வேண்டும். அன்றைக்கு மட்டும் இஸ்திரி போட்ட கால்சட்டை, மூடிய செருப்பு. இரண்டு நகல் கேட்கிற இடத்துக்கு மூன்று கொண்டுபோவார். ஒரு தடவை அங்கே சுவரில் ஒட்டியிருந்த ஆங்கில அறிவிப்பில் ஐந்து பிழையைச் சுழித்துக் கொடுத்தாராம். அதிகாரி எழுந்து நின்று கும்பிட்டு வாங்கிக்கொண்டார். அறிவிப்பு இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

சட்டைப் பையில் எப்போதும் சிவப்புப் பேனா. எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் உணவுப் பட்டியலை எடுத்துத் திருத்த ஆரம்பித்துவிடுவார். எங்கள் சந்தில் சாப்பாட்டுக்கடை நடத்தும் பா சுயியின் பட்டியலில், ஆங்கிலத்தில் வறுத்த நண்டு என்பது ஒரு எழுத்து மாறி வறுத்த மலம் என்று அச்சாகியிருந்தது. அதைத் திருத்தியதோடு விட்டிருக்கலாம். மேசை மேசையாகக் கொண்டுபோய்க் காட்டினார். பா சுயி அன்று முழுக்கச் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

வான்பென்னைத் திருத்தியதுதான் அதிகம். அவளுக்கு 'ர' வராது, 'ல'தான் வரும். எங்களில் பாதிப் பேருக்கு வராது. ஆங்கிலத்தில் சோற்றைக் கேட்டால் அவள் வாயில் அது தலைப்பேன் என்று விழும். வெள்ளைக்காரர் மேசையில் அவள் வாய் திறந்தால் நோரிஸ் ஒரு விரலைத் தூக்குவார். அவள் நிறுத்த வேண்டும். அவர் சொல்வார், அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பினால் மறுபடி விரல். "எம் பொண்டாட்டி தினம் எனக்குப் பேன் வடிச்சுப் போடுறா" என்று பத்தொன்பது வருடமாக அதே பகடி. லென்னார்ட்டும் மற்றவர்களும் பத்தொன்பது வருடமும் சிரித்தார்கள். வான்பென் தன் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருப்பாள். சர்க்கரை கரைந்து வெகுநேரம் ஆன பிறகும்.

அவளும் சும்மா இருந்தவள் இல்லை. வீட்டு வாசலில், சந்தையில், கடற்கரையில், அவர் பக்கத்தில் நிற்கும்போதே, சிரித்த முகத்தோடு எங்கள் பாஷையில் கொட்டுவாள்.

"இந்த வழுக்கத் தேங்காய எங்க கொண்டு வெக்கிறதுன்னே தெரியல, லமாய். ராத்திரி குறட்ட விட்டா ரயிலு கூட நின்னு கேட்டுட்டுப் போவுது."

நோரிஸ் என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரிப்பார். நாங்களும் சேர்ந்துகொள்வோம். சந்தைக்காரிகள் அவருக்கு வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது. நான் மட்டும் என்ன? வாரத்தில் இரண்டு நாள் என் பாயில் குப்புறப் படுப்பார். நான் அவர் முதுகை அழுத்திக்கொண்டே பக்கத்துப் பாயிலிருந்த நான்காம் எண் தோங்பையிடம், "எறகு புடுங்குன கோழி மாதிரி இருக்கு பாரு பின்னாடி" என்பேன். எழுந்து உட்கார்ந்து ராகம் தப்பி நன்றி சொல்வார். பன்னிரண்டு வருடம் இப்படி.

எழுபத்தைந்தாவது வயதில், நவம்பர் மாதம், கடலிலிருந்து ஏறி வரும்போது மணலிலேயே விழுந்தார். வலது பக்கம் போய்விட்டது. மாவட்ட ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பத்தாம் நாள் இரண்டாவது தாக்குதல். பேச்சு நின்றது. கை இரண்டும் விழுந்தன. கண்ணிமையும் இடது காலும்தான் மிச்சம். எவ்வளவு புரிந்துகொள்கிறார் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். லென்னார்ட் வந்து காதருகில் குனிந்து ஆங்கிலத்தில் சத்தமாக ஏதேதோ கேட்டார். நோரிஸ் கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஹிலரி தொலைபேசித் திரையில் "அப்பா, அப்பா" என்று அழுதாள். அவளையும் பார்க்கவில்லை. அதோடு, இனி அவருக்கு ஒன்றும் ஏறாது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

வான்பென் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பார்த்துக்கொண்ட விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. காலையும் மாலையும் வெந்நீரில் துடைத்துப் பவுடர் போடுவாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பாள். முதுகில் ஒரு புண் வரவில்லை. சட்டை வெள்ளை வெளேரென்று இருக்கும். எட்டு மணிக்கு முன்வாசலில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துண்டு கட்டி, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவாள். ஊட்டும்போது பேசுவாள். தாலாட்டுப் பாடுகிற குரல்.

"வாயத் தொற, என் ராசா. இன்னிக்கு என்ன தெரியுமா? பேன் கஞ்சி. ஒனக்குப் புடிச்ச பேன். முழுங்கு. வெரலத் தூக்கு பாக்கலாம். தூக்க முடியலயா? அடடா. பல்லு வெளக்காத நாய் வாயி மாதிரி நாறுது ஒன் வாயி, தங்கமே. நான் சொல்லல, அந்தப் பா சுயி சொல்றா. ஒன்னை எரிக்கிற அன்னிக்கு நான் செவப்புப் பட்டு கட்டிக்கிட்டு வருவேன். சரியா? இன்னொரு வாய்."

ஒவ்வொரு காலையும் ஒரு பழைய நாளை எடுப்பாள். "பதிமூணு வருசத்துக்கு முன்னால, டென்மார்க்காரன் பொறந்த நாளு. இருபது பேரு முன்னாடி என்னைய நாலு தடவ சொல்ல வெச்ச. ஞாபகம் இருக்கா, கெழட்டு எரும?" என்று ஆரம்பித்து, அன்று யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் முதலில் சிரித்தது என்று விடாமல் சொல்வாள். குரல் மட்டும் தேன்.

லென்னார்ட் வாரம் ஒரு நாள் வந்து பத்து நிமிடம் நிற்பார். ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "எவ்வளவு அன்பாப் பேசறா பாரு. எம் பொண்டாட்டி இப்படி ஒரு வார்த்த பேசினதில்ல." நான் தலையாட்டினேன். வான்பென் என்னைப் பார்த்தாள். இருவரும் வெடித்துச் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

ஜனவரியிலிருந்து என்னைத் தினம் ஒன்பது மணிக்கு வரச் சொன்னாள். கை கால் மரத்துப்போகாமல் பிடித்துவிட வேண்டும். அந்த நேரத்தில் அவள் சந்தைக்குப் போய் வருவாள். எனக்கு வாயை மூடிக்கொண்டு வேலை செய்து பழக்கமில்லை. பேசிக்கொண்டே பிடிப்பேன். என் மகள் நோக் கணவாய் மீன் பிடிக்கிற படகுக்காரன் ஒருவனோடு போய்விட்டதும், அவனுக்கு ஏற்கனவே மனைவியும் மக்களும் இருப்பதும் எல்லாம் அவரிடம்தான் புலம்பினேன். சுவரிடம் பேசுகிற மாதிரி.

மார்ச்சில் ஒரு காலை. வலது காலைப் பிடித்து முடித்துவிட்டு, யோசிக்காமல், "ம், அந்தக் காலக் குடு" என்றேன்.

கொடுத்தார். இடது கால் பாயில் சர்ரென்று என் பக்கம் நகர்ந்து வந்தது.

தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல், துண்டை மடித்தபடி, குரலை மாற்றாமல் சொன்னேன்: "தோள்ல பூரான் ஏறுது."

கண்கள் தோளுக்குப் போயின.

 எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தேன். "நோலிட். நான் பேசுறது புரியுதுன்னா ஒரு தடவ கண்ண மூடுங்க. இல்லன்னா ரெண்டு தடவ" என்றேன். ஒரு தடவை மூடினார். மெதுவாக, தப்பே இல்லாமல்.

"எப்பலேர்ந்து? படுத்ததுக்கு அப்புறமா?"

இரண்டு தடவை.

"வீடு கட்டுறதுக்கு முன்னாடியா?"

ஒரு தடவை.

"கல்யாணத்துக்கும் முன்னாடியா?"

ஒரு தடவை.

அந்தக் கல்யாணத்தில் நான் இருந்தேன். தலையில் வெள்ளை நூல் சுற்றி, கைகூப்பி, இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சங்கால் கையில் நீர் ஊற்றி வாழ்த்த வரிசையில் நின்றோம். வான்பென்னின் அம்மா அவள் கையில் நீர் ஊற்றும்போது குனிந்து, "பத்து வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு. வயசானவன், போயிடுவான்" என்றாள். வான்பென் தலைகுனிந்தபடி, "பத்து எதுக்கும்மா, அஞ்சு போதும்" என்றாள். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டோம். பக்கத்தில் நூலோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எங்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது கண்முன் வந்தது.

பன்னிரண்டு வருடம் அவர் முதுகின் மேல் நான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது.  கைகூப்பி நெற்றிவரை உயர்த்தி, "மன்னிச்சிருங்க" என்றேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு தடவையும் மூடவில்லை, இரண்டு தடவையும் மூடவில்லை.

"வான்பென் பேசுறதெல்லாம் கேக்குதில்ல? அவகிட்ட நான் சொல்லட்டுமா? சொன்னா நிறுத்திடுவா."

இரண்டு தடவை மூடினார். நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று பயந்தவர்போல மறுபடியும் இரண்டு தடவை.

"சரி. சொல்ல மாட்டேன். என் மக மேல சத்தியம்."

பிறகு ஐந்து மாதம் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. வலிக்கிறதா, திரும்பிப் படுக்க வேண்டுமா, கடல் பக்கம் நாற்காலியைத் திருப்பட்டுமா என்று கேட்பேன், பதில் வரும். வான்பென் வந்ததும் அவர் கண் கல்லாகிவிடும். ஒன்றைக் கவனித்தேன். காலை எட்டு மணிக்கு, கஞ்சிக் கிண்ணத்தோடு அவள் செருப்புச் சத்தம் கேட்கும்போதே அவர் கண் கதவுக்குப் போய்விடும். அவள் பேசப் பேச அவள் வாயையே பார்ப்பார். பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் பன்னிரண்டு, அன்னையர் தினம். அந்த வருடம் மாவட்டப் பெண்கள் சங்கம் வான்பென்னுக்கு "நோயாளியைப் பேணும் உத்தம இல்லாள்" என்று பட்டம் கொடுத்தது. நகராட்சி மண்டபத்தில் விழா. மடத்துத் தலைமைப் பிக்கு வந்திருந்தார். பெயரைக் கூப்பிட்டதும் வெளிர்நீலப் பட்டில் மேடையேறினாள். தங்க எழுத்துப் பட்டையை மார்புக்குக் குறுக்கே போட்டார்கள். அவள் பேர் தெரியாதவர்கள்கூட எழுந்து கைதட்டினார்கள். முன்வரிசையில் லென்னார்ட் விம்மி விம்மி அழுதார்.

எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்லவில்லை. என் மகள் அன்னையர் தினத்துக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. இவளுக்குப் பட்டை.

விழா முடிந்து, பின்பக்கம் மாம்பழமும் தேங்காய்ப்பால் சோறும் வைத்திருந்த மேசையருகில் பெண்கள் அவளைச் சூழ்ந்து நின்றார்கள். நான் போய், "பேன் கஞ்சிக்குக் குடுத்த பட்டமா இது?" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். தோங்பைக்குக் கேட்டுச் சிரித்துவிட்டாள்.

வான்பென் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். குரலை உயர்த்தினாள். அதே தேன் குரல்.

"அம்மா தினத்துக்கு வந்திருக்கியே லமாய், ஒன் மக எங்க? ஓ, மறந்துட்டேன். இன்னொருத்தி புருசனுக்குத் துணி தொவச்சுக்கிட்டு இருப்பால்ல. பாவம், அவளச் சொல்லி என்ன. அம்மாக்காரி ஊருல இருக்கிற ஆம்பளங்க முதுகெல்லாம் தடவுறத பாத்து வளந்தவ."

பா சுயி "அய்யோ" என்று வாயைப் பொத்தினாள். மற்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள். 

நான் செய்த சத்தியம் எனக்கு மறக்கவில்லை. ஞாபகத்தோடுதான் சொன்னேன்.

"ஒன் புருசனுக்கு நம்ம பாஷ தெரியும்டி. கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து தெரியும். அஞ்சு வருசம் போதும்னு ஒங்கம்மாகிட்டச் சொன்னியே, அதக் கேட்டுக்கிட்டுத்தான் ஒன் கழுத்துல மால போட்டான். நீ காலைல ஊட்டுறப்ப பேசுறது ஒவ்வொண்ணும் அவனுக்குப் புரியுது. போய்க் கேளு."

அவள் கையிலிருந்த சோறு அந்தரத்தில் நின்றது. "பொய்" என்றாள். கிண்ணத்தை வைத்துவிட்டு, பட்டையோடேயே மண்டபத்தை விட்டு இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று தெரியவில்லை. தடுக்கவா, பார்க்கவா.

பகல் இரண்டு மணி வெயில். நோரிஸ் முன்வாசலில் நாற்காலியில் இருந்தார். பார்த்துக்கொள்ள உட்கார வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பிவிட்டு, வான்பென் அவர் எதிரே முழங்காலிட்டாள். நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளை.

"கண்ண மூடு" என்றாள் எங்கள் பாஷையில்.

மூடவில்லை.

"புரியுதுன்னா கண்ண மூடு."

மூடவில்லை. விழித்த கண் விழித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் ஆயிற்று. கண் சிவந்தது. விளிம்பில் நீர் கட்டிற்று. அப்போதும் இமைக்கவில்லை. இன்னொரு நிமிடம். நீர் வழிந்து கன்னத்தில் இறங்கி, அவள் காலையில் போட்ட பவுடரில் கோடு போட்டது. கண்ணிமை நடுங்கியது. அவர் மூடவே இல்லை.

புரியாத மனிதன் தானாக ஒரு தடவையாவது இமைத்திருப்பான். அதை நான் உணர்ந்த அதே நேரம் அவளும் உணர்ந்தாள்.

எழுந்தாள். துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள். என் பக்கம் வந்து, "நாளைலேர்ந்து நீ வர வேணாம்" என்று கதவைச் சாத்தினாள்.

அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை.

அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. கவனிப்பு முன்பைவிடக் கூடிற்று. துடைப்பாள், புரட்டுவாள், நகம் வெட்டுவாள், எட்டு மணிக்குத் துண்டு கட்டிக் கஞ்சி ஊட்டுவாள். வாய் மட்டும் திறக்காது. கரண்டியை உதட்டில் தொடுவாள், அவர் வாங்க வேண்டும். வானொலியையும் நிறுத்திவிட்டாள். யாராவது வந்தால் சந்தில் நின்று பேசி அனுப்பினாள். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து தினம் பார்த்தேன். அவள் போகிற இடமெல்லாம் அவர் கண் போகும். வாசலுக்கு, கொடிக்கு, குழாயடிக்கு, திரும்ப வாசலுக்கு. அவள் வாயைப் பார்ப்பார். காத்திருப்பார். பத்தொன்பது வருடத் திட்டில் ஒரு வார்த்தையாவது வராதா என்பதுபோல.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று, அவர் இரண்டு தடவை எதற்கு வேண்டாம் என்றார் என்று. விளங்கி என்ன செய்ய.

அக்டோபரில், மழை விடாமல் பெய்த ஒரு நாள், வான்பென் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து உள்ளே போனேன். இளைத்திருந்தார். சட்டை வெள்ளை வெளேரென்று, உள்ளே ஆள் இல்லாத மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நோலிட், நான்தான் சொல்லிட்டேன். கோவத்துல சொல்லிட்டேன். நான் தினமும் வந்து பேசட்டுமா? அவ இல்லாத நேரமா வந்து பேசுறேன். எதாச்சும் பேசுறேன்."

இரண்டு தடவை மூடினார். பிறகு கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். லென்னார்ட்டுக்குத் திருப்பினாரே, அதே மாதிரி. வான்பென் வண்டிச் சத்தம் கேட்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பவில்லை.

டிசம்பரில் ஹிலரி வந்தாள். மெலிந்த, நரைத்த பெண். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்திருந்தாள். வீடு, படுக்கை, மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வான்பென்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இங்கிலாந்தில் யாரும் இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொன்னாளாம். கேட்டால் கண்ணை மூடிப் பதில் சொல்வார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நான் இரண்டு தடவை சந்தின் பாதி வரை போய்த் திரும்பி வந்தேன். என் கடற்கரை ஆங்கிலத்தில் அதைச் சொல்லியிருக்க முடியும். சொன்னால், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாள். ஐந்தாம் நாள் அவள் விமானம் ஏறிப் போய்விட்டாள்.

ஜனவரியில் அவர் பல்லை இறுக்கிக்கொள்ள ஆரம்பித்தார். கரண்டி உதட்டில் பட்டால் திறக்கவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் மூக்கில் குழாய் போட்டுவிட்டுப் போனாள். வான்பென் குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீரை ஊற்றினாள், நேரம் தவறாமல். ஒரு வார்த்தை சொன்னால் வாயைத் திறப்பார் என்று அவளுக்குத் தெரியும். சந்தில் இருந்த எல்லோருக்கும் அது அதற்குள் தெரிந்துபோயிருந்தது. பா சுயி வாசலில் நின்று கத்தினாள்: "ஏய் வான்பென், திட்டவாவது திட்டுடி அவன!" வான்பென் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி பதினேழாம் தேதி காலை பதினொரு மணிக்கு இறந்தார். சந்தையிலிருந்து வந்து பார்த்தபோது உடம்பு ஆறியிருந்தது என்றாள் வான்பென் நர்ஸிடம். ஆறு மாதத்தில் அந்த வாசலில் அவள் குரலை நான் கேட்டது அப்போதுதான்.

மடத்தில் மூன்று நாள் பிக்குகள் ஓதினார்கள். எரிக்கிற அன்று வெள்ளைக்காரர்கள் எல்லோரும் கறுப்புச் சட்டையில் வந்தார்கள். லென்னார்ட் ஒலிபெருக்கியைப் பிடித்து, நோரிஸ் பிடிவாதக்காரர், ஆனால் அதிர்ஷ்டக்காரர், கடைசி நாள்வரை ஒரு பெண்ணின் அன்பான பேச்சைக் கேட்டுக்கொண்டே போனார் என்றார். எங்கள் ஊர்க்காரர்கள் யாருக்கும் அது புரியவில்லை. புரிந்த நான் குனிந்து, சிதையில் வைக்கிற சந்தனப் பூவை எடுத்துக்கொண்டு வரிசையில் போனேன். வான்பென் வெள்ளையில் நின்றாள். வந்தவர்களுக்கெல்லாம் கைகூப்பினாள், எனக்கும்.

இரண்டு மாதம் கழித்து, சொங்க்ரான் தண்ணீர்த் திருவிழாக் கூட்டம் வடிந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் கடற்கரைக்கு வந்தாள். தோங்பையின் பாய் காலியாக இருந்தது. அதைத் தாண்டி வந்து என் பாயில் குப்புறப் படுத்தாள். நான் ஒன்றும் கேட்காமல் தோளைப் பிடிக்க ஆரம்பித்தேன். கல் மாதிரி இறுகிக் கிடந்தது.

வெகுநேரம் கழித்து, பாயில் முகம் புதைந்தபடியே கேட்டாள்: "அவரு ஒங்கிட்ட என்ன சொன்னாரு?"

"நான் கேட்டதுக்குத்தான பதில் சொல்ல முடியும். கண்ணாலதான."

"என்னப் பத்தி என்ன சொன்னாரு?"

"ஒன்னப் பத்தி நான் கேக்கல."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவ. ஒங்கிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டேன். சொன்னா நீ பேசுறத நிறுத்திடுவன்னேன். வேணாம்னாரு. ரெண்டு ரெண்டு தடவ கண்ண மூடி வேணாம்னாரு."

அவள் முதுகு என் கைக்குக் கீழே அசையாமல் போயிற்று.

"ஏன்னு கேட்டியா?"

"ஏன்னு கேட்டா கண்ணால எப்பிடிச் சொல்லுவாரு, வான்பென்?"

நல்லவள் ஒருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் ஏதாவது ஒரு பொய் சொல்லியிருப்பாள். ஒன் குரலக் கேக்கணும்னுதான் வேண்டாம்னாரு என்று சொல்லியிருக்கலாம். அது பொய்கூட இல்லை. என் மகளைப் பற்றி அவள் மண்டபத்தில் சொன்னது என் காதில் இன்னும் இருந்தது. நான் சொல்லவில்லை.

அலை ஏறி இறங்கியது. ஐஸ் விற்கிறவன் மணியடித்துக்கொண்டு போனான். அவள் தானாகவே கணக்குப் போட்டு முடித்துவிட்டாள் என்பது அவள் தோளில் தெரிந்தது. எழுந்து போவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இன்னும் அழுத்திப் புடி" என்றாள்.

அழுத்திப் பிடித்தேன். வலிக்கிறதா என்று கேட்கவில்லை.